பனையோலைப் பெட்டியும் டெங்குக் காய்ச்சலும்

பாமன்கடையில் குடியிருப்போர்க்கு மழைக்காலம் ஒன்று. மழை விட்டபின் வரும் காய்ச்சற் காலம் மற்றொன்று. கால்வாயில் நீர் பெருகி வடிந்து, கூரைப் பீலிகளிலும் மதிலோரத்துச் சிரட்டைகளிலும் தெளிந்த நீர் தங்கி நிற்கும் அந்நாட்களில், ஒழுங்கையிலுள்ள ஏதாவதொரு வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சுடுகின்றது என்ற செய்தி வந்தாற் போதும், அயல் முழுவதும் ஒரே வினாவையே கேட்கும்: "டெங்குவோ?"

அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை கழிகின்ற நாட்களைப் பற்றியும், அந்நாட்களைக் குறைப்பதற்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள புதுமையான வழியொன்றைப் பற்றியுமே இங்கு எழுத முனைகின்றேன்.

2017 ஆம் ஆண்டைக் கொழும்பு வாசிகள் எளிதில் மறவார். அவ்வாண்டின் சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்டது. நகரத்துக் குப்பை போக்கிடமின்றித் தேங்கிற்று. மே மாத இறுதியில் பெருமழை பெய்தது. அதன்பின் எழுந்த டெங்குப் பெருநோயில், அவ்வாண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதும் 186,101 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. 400 இற்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவை எண்கள். எண்களுக்குள் முகங்கள் இருப்பதை நாம் பெரும்பாலும் நம் அயலில்தான் காண்கிறோம்.

காய்ச்சல் விட்ட நாள்

எமது வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அவ்வீட்டுப் பேரப்பிள்ளைக்கு அப்போது வயது பத்து. ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாளே குருதி எடுத்துச் சோதித்தனர். டெங்கு இல்லை என்று சீட்டு வந்தது. வீட்டார் மனம் ஆறினர்.

ஐந்தாம் நாட் காலை காய்ச்சல் முற்றாக விட்டது. தாய் கோயிலுக்குச் சென்று அருச்சனை செய்து வந்தாள். பிள்ளையோ சோர்ந்து படுத்திருந்தான். வயிறு நோகின்றது என்றான். இரண்டு முறை சத்தியெடுத்தான். காய்ச்சல் விட்ட களைப்பு என்றே எல்லோரும் எண்ணினோம். அவ்வீட்டார் என்னிடம் கேட்டபோது நானும் அவ்வாறே சொன்னேன். நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தவன் சொன்ன சொல்லாதலால் அதை அவர்கள் நம்பினர்.

அவனுடைய அம்மம்மா மட்டும் நம்பவில்லை. பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், பிள்ளையின்ர கை குளிருது. இது காய்ச்சல் விட்ட குளிர் இல்லை" என்றார்.

அன்று பிற்பகல் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். நோய் டெங்குதான் என்றும், குருதியின் நீர் நாளங்களிலிருந்து கசியத் தொடங்கிவிட்டது என்றும் வைத்தியர் கூறினார். இரண்டு இரவுகள் கழிந்தன. பிள்ளை பிழைத்தான். ஆயினும், "களைப்புத்தான்" என்று நான் சொன்ன அச்சொல் இன்றுவரை என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

காலமும் ஒரு மருந்து

டெங்கு வைரசைக் கொல்லும் தனி மருந்து எதுவும் இன்னும் வைத்தியர் கையில் இல்லை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல், உடலுக்கு வேண்டிய நீர், இடையறாத கண்காணிப்பு, இவையே சிகிச்சை. அசுப்பிரின் போன்றவற்றைக் கொடுத்தலாகாது. அவை குருதிப்பெருக்கை வளர்க்கும். நோயின் கொடுமை காய்ச்சல் எரியும் நாட்களில் வெளிப்படுவதில்லை. காய்ச்சல் தணியும் வேளையில்தான் அது தலையெடுக்கின்றது. அப்போது சிலருக்கு இருபத்து நான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரம் வரை குருதிநீர் நாளங்களுக்கு வெளியே கசியும். அந்நேரத்தில் நீரைக் குறைத்துக் கொடுத்தால் நாடி தளரும். மிகுத்துக் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அளவறிந்து கொடுக்க வல்ல வைத்தியரிடம் நோயாளி வேளையோடு சென்று சேர்ந்தால், கடுந்டெங்குவிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரே இறப்பர். வேளை தவறினால் அத்தொகை பன்மடங்காகும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையேனும் கூறினாரல்லர். உண்ணும் அளவையும் நோயை ஆராய்ந்தறியும் நெறியையுமே பேசினார். வைத்தியன் கருத வேண்டியவற்றுள் காலத்தையும் ஒன்றாக வைத்தார். டெங்குவைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. நோய் இன்னது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், வீட்டார் நாளை எண்ணத் தொடங்குவர்; காய்ச்சல் விட்ட நாளை மகிழ்ச்சிக்குரிய நாளாகக் கொள்ளாது விழிப்புக்குரிய நாளாகக் கொள்வர்.

அவ்வாறாயின், இன்றுள்ள சோதனைகள் போதாவோ என்று வாசகர் வினவலாம். அவை பயனுள்ளவையே. வைரசு பெருகும்போது குருதியில் விடும் என்.எஸ்.1 என்ற புரதத்தை முதல் நாட்களிலேயே கண்டறியலாம். ஆனால் முன்னரே ஒருமுறை டெங்கு கண்டவரிடத்தில் உடலின் பழைய எதிர்ப்புப் பொருள்கள் அப்புரதத்தை மூடிக்கொள்வதால், சோதனை சில வேளைகளில் தவறிவிடும். டெங்கு வைரசில் நான்கு வகைகள் இருப்பதாலும், இரண்டாம் முறை வேறொரு வகையால் தொற்றுண்டவருக்கே ஆபத்து மிகுதியாதலாலும், எவருக்குச் சோதனை மிகவும் தேவையோ அவரிடத்திலேயே அது தளர்கின்றது எனலாம். ஐந்தாம் நாளளவில் தோன்றும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையோ காலந் தாழ்த்தது. வைரசின் பரம்பரைப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை நுட்பமானதே, ஆயினும் அதற்கு விலையுயர்ந்த பொறியும் பயின்ற கையும் வேண்டும்.

வைரசையே நேரில் பிடித்து, பிடித்த கணத்திலேயே ஒளிவிட்டு அறிவிக்கும் கருவியொன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அத்தகைய ஒன்றைத்தான் டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு பின்னியுள்ளனர்.

அம்மம்மாவின் பெட்டி

அன்று பத்து வயதாயிருந்த அச்சிறுவன் இன்று உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவன். சில வாரங்களுக்கு முன் அவன் என்னிடம் வந்து, "மாஸ்டர், டி.என்.ஏ. பரம்பரைச் செய்தியைச் சுமப்பது என்றுதானே படித்தோம். அதைக்கொண்டு உருவங்கள் செய்கிறார்களாமே, அது எப்படி?" என்று வினவினான். அவ்வினாவுக்கு விடை அவனுடைய வீட்டு விறாந்தையிலேயே இருந்தது. அங்கே அம்மம்மா, ஊரிலிருந்து வந்த ஓலையை வார்ந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார்.

பனையோலை உணவுப் பொருளைத் தருவதற்காகப் பிறந்ததன்று. ஆனால் வளையும், மடியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். ஆதலால் அதைப் பெட்டியாக்கலாம். டி.என்.ஏ.யும் அத்தகையதே. 1953 ஆம் ஆண்டில் வாற்சனும் கிறிக்கும், உரோசலிண்ட் பிராங்கிளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணைகொண்டு, அதன் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். அச்சுருளின் அகலம் இரண்டு நனோமீற்றர். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஓரிழையிலுள்ள அடெனின் எதிரிழையின் தைமினோடு மட்டுமே சேரும். குவானின் சைற்றோசினோடு மட்டுமே சேரும். இந்த மாறா விதிதான் இங்கு முதற்பொருள். எந்த இழை எதனுடன் எவ்விடத்தில் சேரும் என்பதை எழுத்துக்களின் ஒழுங்கை வைத்து முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம்.

இதனை முதலில் உணர்ந்தவர் நட்ரியன் சீமன் என்ற அமெரிக்கர். அவர் பளிங்கியல் அறிஞர். மூலக்கூறுகளைப் பளிங்காக்குவதற்கு அரும்பாடுபட்டுக்கொண்டிருந்த அவர், 1980 ஆம் ஆண்டில் அல்பனி நகரில் இருந்தபோது, எஷர் என்ற ஒல்லாந்து ஓவியர் வரைந்த, ஒழுங்காக அணிவகுத்து நீந்தும் மீன்களின் படத்தை நினைந்தார். அம்மீன்களைப்போல டி.என்.ஏ.யின் கிளைகளையும் முப்பரிமாணத்தில் ஒழுங்காக அடுக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1982 இல் அவ்வெண்ணத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 1991 இல் அவரும் அவருடைய துணையாளர் ஒருவரும் டி.என்.ஏ.யாலான கனசதுரம் ஒன்றை ஆக்கினர். 2021 இல் சீமன் காலமானார்.

2006 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் போல் உரொதமண்ட் இக்கலையை மேலும் எளிதாக்கினார். ஒரு வைரசிலிருந்து எடுத்த, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்ட நீண்ட ஒற்றையிழையை அவர் எடுத்துக்கொண்டார். இருநூறுக்கு மேற்பட்ட சிற்றிழைகளை அதனோடு கலந்து, சூடாக்கிப் பின்னர் ஆறவைத்தார். ஒவ்வொரு சிற்றிழையும் நீளிழையின் இரண்டு மூன்று இடங்களைத் தேடிப் பற்றி, அவற்றை அருகருகே இழுத்து மடித்தது. சதுரமும் நட்சத்திரமும் சிரிக்கும் முகமும் தாமாகவே உருவாயின. ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ நூறு நனோமீற்றரே.

இவற்றை நான் சொல்லிவர, அம்மம்மா கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "அளவெடுத்து இழைச்சால்தான் மூடி வந்து இருக்கும். கண்டபடி இழைச்சால் ஓலைதான் வீண்" என்றார். டெங்குவைப் பிடிக்கும் கருவியின் இரகசியம் முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கியிருந்தது.

வைரசுக்கு அளவெடுத்த நட்சத்திரம்

டெங்கு வைரசு ஏறத்தாழ ஐம்பது நனோமீற்றர் குறுக்களவுடைய உருண்டை. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இருபதினாயிரம் வைரசுகளை வரிசையாக வைக்கலாம். அவ்வுருண்டையின் மேற்பரப்பை 180 உறைப்புரதங்கள் போர்த்தியுள்ளன. அவை தாறுமாறாக இருப்பதில்லை. அவற்றின் துருத்திய பகுதிகள் மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் கூடி, கோலப் புள்ளிகளைப்போல ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன.

அல்பனியின் அயல் நகரான துரோயிலுள்ள இரென்சலர் தொழினுட்பக் கல்லூரியில் சிங் வாங் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் இப்புள்ளிகளுக்கு ஏற்ப டி.என்.ஏ.யை இழைத்தனர். தமது ஆராய்ச்சியை 2019 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டனர். அவர்கள் ஆக்கியது ஐந்து முனை கொண்ட ஒரு நட்சத்திரம். அதன் பத்து இடங்களில் பத்துப் பற்றிகளைப் பொருத்தினர். பற்றி என்று நான் இங்கு கூறுவது, குறித்த ஒரு புரதத்தை மட்டும் இறுகப் பிடிக்கும் வகையில் தானே மடிந்துகொள்ளும் டி.என்.ஏ. துணுக்கை. விஞ்ஞானிகள் இதனை அப்டமர் என்பர். நட்சத்திரத்தில் பற்றிகள் நிற்கும் இடங்கள், வைரசின் மேற்பரப்பில் புரதக் கூட்டங்கள் நிற்கும் இடங்களோடு சரியாகப் பொருந்துகின்றன.

ஒரு விரலால் தேங்காயைப் பிடிக்க முடியாது. ஐந்து விரலும் அதன் வளைவுக்கேற்ப விரிந்து கூடினாலன்றிப் பிடி நில்லாது. தனிப் பற்றியொன்றின் பிடி தளர்ந்தது. ஆனால் பத்தும் ஒரே வேளையில் தத்தம் இடத்தைப் பற்றும்போது வைரசு விடுபடுவது அரிதாகின்றது. அதே பற்றிகளை வேறு உருவங்களில் அமைத்துப் பார்த்தபோது பிடி அவ்வளவு வலுவாக இல்லை. எனவே பிடியின் வலிமை பற்றிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அவற்றை நிறுத்திய ஒழுங்கிலும் உள்ளது.

இனி, பிடித்ததை அறிவிப்பது எங்ஙனம்? நட்சத்திரத்தின் உள் விளிம்புகளில் ஒளிரும் மூலக்கூறு ஒன்றையும், அதன் ஒளியை அவிக்கும் மற்றொரு மூலக்கூறையும் அருகருகே வைத்தனர். இரண்டும் நெருங்கியிருக்கும்வரை ஒளி தோன்றாது. நட்சத்திரம் வைரசைத் தழுவும்போது அதன் விளிம்புகள் இழுபட்டு இரண்டும் பிரிகின்றன; அப்போது ஒளி எழுகின்றது. அவ்வொளியை அளந்து வைரசின் இருப்பை அறியலாம். அதுவுமன்றி, நட்சத்திரம் பற்றிய வைரசு ஆய்வுகூடக் கலங்களுக்குள் புகுவதற்கும் தடையுண்டாயிற்று. அறியும் கருவியே தடுக்கும் கருவியுமாகலாம் என்ற நம்பிக்கை இதனால் பிறந்தது.

இந்நெறி டெங்குவோடு நிற்கவில்லை. இல்லினோய் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற வாங், 2024 இல் தம் குழுவினருடன் உள்ளங்கையும் நான்கு விரல்களும் கொண்ட டி.என்.ஏ. கையொன்றை ஆக்கிக் கோவிட் வைரசைப் பற்றச் செய்தார்.

இக்கலை எமக்குத் தொலைவிலுள்ளதென்று எண்ண வேண்டியதில்லை. சென்னையின் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனம் கற்ற யமுனா கிருஷ்ணன், பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் பணியாற்றியபோது, 2009 இல் தம் குழுவினருடன் டி.என்.ஏ.யாலான நுண்பொறியொன்றை வெளியிட்டார். உயிருள்ள கலத்தின் உள்ளே சென்று, அங்குள்ள அமிலத்தன்மையை இடத்துக்கிடம் அளந்து காட்டியது அது. 2014 இல் அவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய பொறி தொற்றுநோயைத் தேடுவதற்கென ஆக்கப்பட்டதன்று, ஆயினும், டி.என்.ஏ. இழைப்பை உயிர்க்கலத்துள் வேலைசெய்ய வைத்த முன்னோடிகளுள் பாக்குநீரிணைக்கு அப்பால் கல்வி கற்ற ஒருவர் உள்ளார் என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று.

ஆய்வுகூடமும் ஒழுங்கையும்

இவ்வளவும் கேட்டபின் அம்மாணவன், "அப்போது எனக்குக் காய்ச்சல் வந்தபோது இது இருந்திருந்தால்?" என்றான். ஆசிரியன் உண்மையையே சொல்லவேண்டும். இருந்திருந்தால், இரண்டாம் நாளே விடை கிடைத்திருக்கக்கூடும். ஆயின், அந்நட்சத்திரம் ஆய்வுகூடத்தில் வெற்றி கண்ட கருவி. வைத்தியசாலையின் மேசைக்கு வந்த கருவியன்று. குருதியிலுள்ள நொதியங்கள் டி.என்.ஏ. இழைகளை அரித்துவிடும், அவற்றை அதினின்றும் காக்க வேண்டும். ஒளியை அளக்கும் கருவி மலிவாக வேண்டும். வைரசின் நான்கு வகைகளையும் தவறாது பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். இத்தனை படிகளையும் கடந்த பின்னரே அது பாமன்கடை ஒழுங்கைக்கு வந்து சேரும்.

வந்து சேர்ந்தபின்னும் அது செய்யமாட்டாத காரியம் ஒன்றுண்டு. வைரசு குருதியில் மிகுதியாயிருப்பது நோயின் முதல் நாட்களிலேயே. காய்ச்சல் தணியும்போது வைரசும் குறைந்துவிடும். குருதிநீர் கசியத் தொடங்கும் வேளையை நட்சத்திரம் சொல்லாது. அதற்கு அடிக்கடி குருதியின் செறிவைச் சோதிக்க வேண்டும். நாடியைப் பார்க்க வேண்டும். கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அம்மம்மா அன்று செய்தது அதுவே.

இலங்கைக்கு இவ்விடயத்தில் பழைய பாடமொன்று உண்டு. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாப் பெருநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. பின்னர் மருந்து தெளித்தும் நோயைத் தேடியும் அதனை அடக்கினர். 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. வென்றுவிட்டோம் என்று கை ஓய்ந்தது. அத்தசாப்தம் முடிவதற்குள் அந்நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று, குருதித் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டனர். 2012 க்குப்பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லையாயிற்று; 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வெற்றியில் நுணுக்குக்காட்டிக்கும் பங்குண்டு. அதனை நாள்தோறும் குனிந்து பார்த்த மனிதருக்கு அதனினும் பெரும் பங்குண்டு.

நம் நாட்டில் இதற்கான கைகள் இல்லாமலில்லை. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1900 ஆம் ஆண்டில் தோன்றியது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயும் அவர்தம் குழுவினரும் டெங்குவில் உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். ஹோமாகமையில் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் உண்டு. நோயை அறிந்தவரும் நுண்ணிழையை அறிந்தவரும் ஒருங்கிருந்து உழைத்தால், பிறர் ஆக்கிய கருவிக்காக நாம் காத்திருக்க வேண்டிய காலம் குறையும். டெங்கு குளிர்நாட்டு ஆய்வுகூடங்களுக்கு ஓர் ஆராய்ச்சிப் பொருள். நமக்கோ அது வீட்டு வாசலில் நிற்கும் நோய். அதனை அறியும் அவசரம் நமக்கே மிகுதி.

அந்நாள் வரும்வரை நம் கையிலுள்ள கருவிகள் எளியவை: பீலியைத் துப்புரவு செய்தல், சிரட்டையைக் கவிழ்த்தல், காய்ச்சல் கண்ட நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்துவைத்தல். சோதனைச் சீட்டில் இல்லை என்று வந்தாலும் நாளை எண்ணுவதை விடலாகாது. காய்ச்சல் விட்டதும் கண்மூடலாகாது.

அவ்வீட்டு நாட்காட்டியில் இன்றும் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால் அம்மம்மா பென்சிலால் ஒரு வட்டமிடுகிறார். அதிலிருந்து ஐந்து நாட்களை எண்ணி, அங்கே இன்னுமொரு வட்டமிடுகிறார். இரண்டாவது வட்டத்தன்று வீட்டில் எவரும் வெளியே போவதில்லை.